சந்தனப் பட்டு மேல ஓடின நம்பர்

சீப்பா எதுல வீடியோ போடலாம்னுதானுங்க கேக்க வந்தீங்க? சொல்றேன் அம்மணி, சொல்லாம எங்க போயிடப் போறேன். அந்தியூர்ல இருந்து பஸ் ஏறி வந்திருக்கீங்க, மொதல்ல டீயைக் குடிங்க. அந்த சேரை இப்படி இழுத்துப் போட்டுக்கங்க. அக்கட்டால தேய்ப்புப் பொட்டி சூடா இருக்குது, கை பட்டுறப் போவுது.

நீங்க கேக் சொல்லித் தரப் போறீங்க. நான் சேலை மடிப்புச் சொல்லித் தர்றேன். ரெண்டும் ஒண்ணுதான், வீட்டுல இருக்கற பொம்பளைங்க போனைப் பாத்துக் கத்துக்கணும், அவ்வளவுதானே. கல்யாணத்துக்கு முந்தின நாளே பொண்ணோட சேலைக்குக் கொசுவம், முந்தானை எல்லாம் எடுத்து, கிளிப்புப் போட்டு, தேய்ச்சு, பொட்டியில அடுக்கிக் குடுத்துருவோம். அந்தப் பொண்ணு எடுத்து அஞ்சு நிமிசத்துல கட்டிக்கலாம். பவானியில இதை மொதமொதல்ல ஆரம்பிச்சது நானுங்க. இல்ல, ரெண்டாவது. மொதல்ல ஆரம்பிச்சவ கல்யாணமாயி திருப்பூர் போயிட்டா. அதனால நான்னே வெச்சுக்கலாம்.

ஆரம்பத்துல நானும் உங்களை மாதிரிதான், செலவில்லாம ஓட்டிரலாம்னு ஃப்ரீயாக் கெடைக்கற எடத்துல வீடியோவை ஏத்துனேன். லிங்க் வெச்சிருக்கறவங்க மட்டும் பாக்கற மாதிரி ஒரு வழி இருக்குதில்லீங்களா, அதுல. லிங்கை வாட்ஸப் குரூப்புல போட்டுட்டேன். ஒரு மாசம் நல்லாத்தான் போச்சு. ஒரு நாள் நாமக்கல்லுல இருந்து ஒருத்தி கூப்பிடறா. "அக்கா, ஏழாவது வீடியோல முந்தானைக்கு எத்தனை வெரக்கடை அகலம் விடறீங்கன்னு தெரியவே மாட்டேங்குது, கேமராவைக் கொஞ்சம் கிட்ட வெச்சிருக்கலாமில்ல?"ங்கறா. நீ எந்த பேட்ச்சு கண்ணுன்னு கேட்டேன். "பேட்ச்செல்லாம் இல்லீங்கக்கா, என் நாத்தனாவோட சிநேகிதி அனுப்புனாங்க"ங்கறா. ஒரு கூச்சம் வேணுமே! ஓசியிலயும் பாத்துப் போட்டு, கேமரா கிட்ட இல்லீன்னு குறை வேற. எனக்கு வயிறு எரிஞ்ச எரிச்சல் ஒரு வாரம் அடங்கலைங்க.

அதுல இருந்து எனக்கு யாரைப் பாத்தாலும் திருடியாத்தான் தெரிஞ்சுது. இது நல்லதில்லை அம்மணி, உங்களுக்கும் வரும், பாத்துக்கங்க. முந்நூத்தி நாப்பது பேரு காசு கட்டிச் சேந்திருக்காங்க, ஒவ்வொருத்தி போட்டோவையும் பெருசு பண்ணிப் பாப்பேன். இவ குடுத்திருப்பாளா, அவ குடுத்திருப்பாளான்னு. அதுல முக்காவாசிப் பேரு சாமி படமும் கொழந்தை படமும் வெச்சிருக்கறவங்க. என்னத்தைக் கண்டுபிடிக்கறது.

சரி, காசு குடுத்தே ஒரு எடத்துல வெப்போம்னு தேடுனேன். வெளிநாட்டுக் கம்பெனிங்க டாலர்ல கேக்கறான். அதும் எத்தனை பேரு எத்தனை நிமிசம் பாத்தாங்கன்னு ஆட்டோ மாதிரி மீட்டர் வேற ஓடுது. நம்ம பொம்பளைங்க ஒரு கொசுவத்தை நாப்பது தடவை ஓட்டிப் பாக்கறவங்க, தாங்குமா? கடைசியில கோயமுத்தூர்ல ஒரு மாடி ரூம்புல நடத்தற சின்னக் கம்பெனி ஒண்ணு அம்புட்டுச்சு. பேரு வேண்டாம். வருசத்துக்கு ஒரே தொகை, எத்தனை பேரு வேணாலும் பாக்கலாம், டவுன்லோடு பண்ண முடியாது. எல்லாத்துக்கும் மேல, பாக்கறவங்களோட போன் நம்பர் வீடியோ மேலயே ஓடும். சின்னதா, வெள்ளை எழுத்துல, அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் ஊர்ந்துக்கிட்டே இருக்கும். எவளாச்சும் ரெக்கார்டு பண்ணி வெளிய விட்டா, நம்பரை வெச்சுப் புடிச்சுரலாம்.

அதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியலை. அந்தக் கம்பெனியில பேசுன பொண்ணு நல்ல பொண்ணுங்க, அவளாவே சொன்னா. "மேடம், பொம்பளைங்க நம்பர்ங்கறதால யோசிக்கறவங்க இருக்காங்க. நம்பருக்குப் பதிலா ரெண்டு மூணு எழுத்துல ஒரு ரகசியக் குறி மட்டும் ஓடற மாதிரி வெச்சுக்கலாம். அது உங்களுக்கு மட்டுந்தான் புரியும். ஆனா அது பெரிய பிளான்ல வரும்"னா. பெரிய பிளான் எதுக்கு, சின்னதே போதும்னு சொல்லிட்டேன். ஓடப்போறது என் நம்பரா, இல்லீல்ல. அப்படியேதான் நெனைச்சேன், இன்னிக்குச் சொல்றப்ப வாய் கூசுது.

லைவ் கிளாஸ்ல எல்லாருக்கும் இதைச் சொன்னேன். இனிமே ஜாக்கிரதை, நம்பர் ஓடும்னு. ஒருத்தி மட்டும் கேட்டா. "அக்கா, எங்க நம்பர் எங்கியாச்சும் வெளிய போயிட்டா என்னங்கக்கா பண்றது?"ன்னு. "திருடாதவங்களுக்கு என்ன கண்ணு பயம்?"னு கேட்டேன். எல்லாரும் சிரிப்பு பொம்மையாப் போட்டுத் தள்ளிட்டாங்க. அவளும் ஒண்ணு போட்டா.

அவதான் சுகுணா. சென்னிமலைக்காரி. வீட்டுக்காரர் சென்னியப்பன், தறி ஓட்டறார். போனைப் பாத்துக் கத்துக்கறதுக்கு எவனாச்சும் காசு குடுப்பானான்னு கேலி பண்ணி, மூணு மாசம் இழுத்து, அப்புறமா சரின்னவர். இவளும் லேசுப்பட்டவ இல்லீங்க. கை அப்படி ஒரு சுத்தம். பெருந்துறைப் பொண்ணு ஒருத்திக்கு மொத ஆர்டர் பண்ணிப் போட்டோ அனுப்புனா பாருங்க, முந்தானை மடிப்பு அடுக்கி வெச்ச வெத்தலை மாதிரி இருந்துச்சு. என்னோடதே அப்படி வராது. இதை அவகிட்ட நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. குரூப்புல மட்டும் "எங்க கிளாஸோட ரிசல்ட்டு"ன்னு போட்டுக்கிட்டேன்.

புரட்டாசியில ஒரு நாள் சுகுணா கூப்பிட்டா. வீடியோ ஓட மாட்டேங்குது, சுத்திக்கிட்டே இருக்குதுன்னா. அவ போன்ல கோளாறா, வீடியோல கோளாறான்னு பாக்கணுமில்ல? நான் லேப்டாப்ல ஏத்தறதோட சரி. படிக்கறவங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு பாக்க எனக்குன்னு தனியா ஒரு அக்கவுண்டு அந்தச் சின்னப் பிளான்ல கெடையாது. அதனால என் போன்லயே ஆப்பை எறக்கி, அவ நம்பரைப் போட்டேன். "ஓ.டி.பி. வரும், சொல்லு கண்ணு"ன்னேன். டக்குனு சொல்லிட்டா. எதுக்குன்னுகூடக் கேக்கலை. எங்கிட்ட ஓடுச்சு. "உன் நெட்டுதான் சரியில்லை"ன்னு சொல்லி வெச்சுட்டேன். அந்த ஆப்பை அப்படியே விட்டுட்டேன். அவ பேருல இருந்து லாக் அவுட் பண்ணணும்னு தோணவே இல்லை.

ஐப்பசியில புது பேட்ச்சுக்கு என் சேனல்ல விளம்பரம் போடணும். ஒரு சின்ன வீடியோ வேணும். சந்தனக் கலர் பட்டுல அரக்கு பார்டர், அதுக்கு மடிப்பு எடுக்கற பாடம் ஒண்ணு இருக்குது. அதுல நான் நல்லா இருப்பேன், நகையெல்லாம் போட்டு. ஆனா அதோட ஒரிஜினலை எடம் பத்தலைன்னு எப்பவோ அழிச்சுட்டேன். சரி, ஆப்புல ஓட விட்டு, போன்லயே ஸ்கிரீனை ரெக்கார்டு பண்ணிக்கிட்டேன். ஒரு நிமிசம் நாப்பது செகண்டு. ஏத்தறதுக்கு முன்னால நாலு தடவை பாத்தேங்க. நாலு தடவையும் என் மூஞ்சியைத்தான் பாத்தேன். தாடைக்குக் கீழ சதை தெரியுதான்னு பாத்தேன். சந்தனக் கலர் பட்டு மேல வெள்ளை எழுத்து எங்க தெரியும்? அரக்கு பார்டர் மேல போறப்ப மட்டும் பளிச்சுனு தெரியும், அப்ப என் கண்ணு என் மேலயே இருந்துச்சு. போட்டுட்டேன்.

ரெண்டு லட்சம் பேரு பாத்தாங்க அம்மணி! எனக்கு அதுவரைக்கும் ரெண்டாயிரத்தைத் தாண்டுனதில்லை. கீழ கமெண்டுல, "அக்கா, போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்கறீங்க"ன்னு எழுதறாங்க. "லைன் பிஸியா இருக்கும்மா, திரும்ப முயற்சி பண்ணுங்க"ன்னு நானும் வரிசையாப் பதில் போடறேன். என் போன் பக்கத்துலயே சும்மா கெடக்குது. அதுகூட உறைக்கலை. கூட்டம் அப்படி வருதுன்னு நெனைச்சுக்கிட்டேன்.

பத்து நாளைக்கப்புறம் சுகுணா கூப்பிட்டா. "அக்கா, யார் யாரோ கூப்பிடறாங்க. மொதல்ல பொம்பளைங்கதான் கிளாஸ் எப்பன்னு கேட்டாங்க. இப்ப ஆம்பளைங்க கூப்பிட்டு, சேலை கட்டி விடுவியா, அவுத்தும் விடுவியான்னு கேக்கறாங்க. அவரு வீட்டுல இருக்கறப்பவே அடிக்குது. பயமா இருக்குதுக்கா"ன்னா. நான் சேலை ஒண்ணைத் தேய்ச்சுக்கிட்டே பேசிட்டிருந்தேன். "ஸ்டேட்டஸ்ல நம்பரைப் போட்டிருப்பே கண்ணு, எடுத்துரு, வேண்டாத நம்பரை பிளாக் பண்ணிரு"ன்னேன். போடலைக்கான்னா. "அப்ப வேற யாருக்கோ குடுத்திருப்பே"ன்னு சொல்லிட்டு என் சோலியைப் பாத்தேன்.

அதுக்கு ரெண்டாம் நாளு, ஈரோட்டுல மெகந்தி கிளாஸ் எடுக்கற ஒருத்தங்க எனக்கு ஒரு வீடியோவை அனுப்பி விட்டாங்க. "உங்க பாடம் லீக் ஆயிருச்சு போல, யாரோட நம்பரோ ஓடுது பாருங்க"ன்னு. யாரோ வெட்டி ஒட்டுனதுல என் சேனல் பேரு இல்லை. இருபது செகண்டு, என் கையி, அந்த பார்டர், அதுக்கு மேல நம்பர். நான் போட்ட விளம்பரத்துல இருந்து வெட்டுனதுன்னு தோணுமா? தோணலைங்க. திருடி சிக்கிட்டான்னுதான் தோணுச்சு. லிஸ்டுல தேடுனேன். சுகுணா.

அப்ப எனக்கு வருத்தமெல்லாம் இல்லை, சந்தோசமா இருந்துச்சு. நான் நெனைச்சது சரியாப் போச்சேன்னு ஒரு சந்தோசம். அதை இன்னிக்கு நெனைச்சாலும் உடம்பு கூசுது.

நம்பரைச் சுத்தி செகப்புல வட்டம் போட்டு குரூப்புல போட்டேன். "வீட்டுக்குள்ள விட்டா பாத்திரத்தைத் தூக்கிட்டுப் போற ஆளுங்களும் நம்ம கூட இருக்காங்க"ன்னு எழுதுனேன். பேரையும் எழுதுனேன். குரூப்புல இருந்து நீக்குனேன், ஆப்புலயும் நீக்குனேன். அதோட நிறுத்தியிருக்கலாம். சேர்றப்ப இன்னொரு நம்பர் கேட்டு வாங்குவேன், அதுல வீட்டுக்காரர் நம்பர் இருந்துச்சு. கூப்பிட்டேன். "உங்க சம்சாரம் எங்க வீடியோவைத் திருடி, அவங்க நம்பரோட ஊரெல்லாம் விட்டிருக்காங்க. அதான் கண்டவனெல்லாம் கூப்பிடறான், கேட்டுப் பாருங்க"ன்னேன். அந்த மனுசன் "சரிங்க டீச்சர்"னு மட்டும் சொன்னாரு.

அன்னிக்குப் பொழுதோட சுகுணா ஒரு வாய்ஸ் அனுப்பியிருந்தா. நாலு நிமிசம். "அக்கா, எங்கொழந்தை மேல சத்தியமா நான் பண்ணலை"ன்னு ஆரம்பிச்சுது. அங்கயே நிறுத்திட்டேன். மிச்சத்தைக் கேக்கவேயில்லை. மறுநாள்ல இருந்து அவ நம்பரே இல்லாமப் போச்சு. சிம்மை அவரு ஒடைச்சுப் போட்டுட்டாருன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. கையில ரெண்டு கல்யாண ஆர்டர் வெச்சிருந்தாளாம். போனே இல்லைன்னா எவ தேடி வருவா?

தை மாசம் அடுத்த விளம்பரத்துக்கு மறுபடியும் என் போன்ல அந்த ஆப்பைத் தொறந்தேன். வீடியோ வரலை. எழுத்துதான் வந்துச்சு. "சுகுணா, உங்கள் அனுமதி ரத்து செய்யப்பட்டுள்ளது. உங்கள் ஆசிரியரைத் தொடர்பு கொள்ளுங்கள்"னு.

மொதல்ல புரியலை. என் போன்ல எதுக்குச் சுகுணா பேரு வருதுன்னு முழிச்சேன். அப்புறம் ஓ.டி.பி. ஞாபகம் வந்துச்சு. சேனலுக்குப் போயி அந்த விளம்பரத்தைப் போட்டு, அரக்கு பார்டர் வர்ற எடத்துல நிறுத்துனேன். பத்து நம்பரும் தெளிவா இருக்குது. மூணு மாசமா நானே ஊருக்குக் காட்டிக்கிட்டிருக்கறேன்.

தெரிஞ்சதும் என்ன பண்ணேன்னு கேளுங்க. அழிச்சேன். அழுகறதுக்கு முன்னாடி, அவளைத் தேடிப் போறதுக்கு முன்னாடி, அந்த வீடியோவை அழிச்சேன். யாராச்சும் பாத்துக் கண்டுபிடிச்சுருவாங்களோன்னுதான் பயம். அப்புறம் குரூப்புல எழுதுனேன். "சாஃப்ட்வேர் கோளாறால் ஒரு தோழியின் நம்பர் தவறாக வந்துவிட்டது. சுகுணா மேல் தப்பில்லை, கம்பெனியிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்"னு. நீங்க வந்ததும் சொன்னீங்களே, தப்புன்னு தெரிஞ்சதும் குரூப்புலயே ஒத்துக்கிட்ட நேர்மையான டீச்சர்னு உங்க சிநேகிதி சொன்னாங்கன்னு. அது இதுதாங்க. கையெடுத்துக் கும்பிட்ட பொம்மையா வந்து குவிஞ்சுது. கம்பெனிப் பொண்ணு பதறிப் போயிக் கூப்பிட்டா, எங்க பக்கம் எந்தக் கோளாறும் இல்லையே மேடம்னு. அவளையும் சத்தம் போட்டு வாயடைச்சேன்.

மனசு கேக்கலை. ஒரு ஞாயித்துக்கெழமை ஸ்வீட்டு வாங்கிட்டு சென்னிமலைக்குப் போனேன். சென்னியப்பன் வாசல்லயே கும்பிட்டாரு. டீச்சரே வந்துட்டாங்களேன்னு துண்டால சேரைத் தட்டிப் போட்டாரு. சுகுணா எளைச்சுப் போயிருந்தா. என்னைப் பாத்து லேசாச் சிரிச்சா. திட்டியிருந்தாத் தேவலைங்க.

டீ வெக்க உள்ள போனா. நானும் பின்னாடியே போனேன். அடுப்பைப் பாத்துக்கிட்டே மெதுவாச் சொல்றா. "அக்கா, அன்னிக்கு ஓ.டி.பி. கேட்டீங்கல்ல. அதாத்தான் இருக்கும்னு எனக்கு அப்பவே தோணுச்சு. வாய்ஸ்லயும் சொன்னேன். நீங்க வேணும்னு பண்ணியிருக்க மாட்டீங்க, கோவமில்லைக்கா. ஆனா அவருகிட்ட அதை உங்க வாயால சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. எவனுக்குடி நம்பர் குடுத்தேன்னு மூணு மாசமாக் கேக்கறாரு. தெனமும் கேக்கறாரு."

சொல்லிர்றேன் கண்ணுன்னேன். சத்தியமாச் சொல்றதுக்குத்தான் முன்னாடி வந்தேன்.

வந்து உக்காந்தேன். "அது ஒரு கோளாறுங்க, தப்பு இவ மேல இல்லை"ன்னு ஆரம்பிச்சேன். அவரு தறிக்காரர், நூலு எங்க அறுந்துச்சுன்னு பாக்கறவரு. "முந்நூத்தி நாப்பது பேரு இருக்கறப்ப இவ நம்பரு மட்டும் எப்படிங்க டீச்சர் வந்துச்சு?"ன்னு கேட்டாரு. மரியாதையாத்தான் கேட்டாரு. "உங்க பொண்டாட்டி பேருல நான் உள்ள போயி நானே ரெக்கார்டு பண்ணிட்டேங்க." சொல்ல வேண்டியது அவ்வளவுதான் அம்மணி, ஒரு வரி. நாக்கு நுனியில இருக்குது. அந்தாளு என் மூஞ்சியவே பாக்கறாரு. சாமி ரூம்புல என் கிளாஸ் சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணி மாட்டியிருக்காங்க, அதுல என் கையெழுத்து.

"சாஃப்ட்வேருங்க, யாராவது ஒருத்தர் நம்பரு வரும்"னு சொல்லிட்டேன்.

அவரு அடுப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு. அப்புறம் தலையை ஆட்டுனாரு. "எனக்குப் புரியுதுங்க டீச்சர். குடும்பம் கெட்டுறக் கூடாதுன்னு, தப்புப் பண்ணவளை மறைக்கறதுக்கு இத்தனை தூரம் வந்திருக்கீங்க. இந்தக் காலத்துல யாருக்குங்க இந்த மனசு வரும்?"னாரு. டீயோட சுகுணா வந்து நின்னா. அவ காதுலயும் விழுந்துச்சு. என்னைப் பாத்தா. சொல்லுங்கக்கான்னு கேக்கற மாதிரிப் பாத்தா. நான் டம்ளரை எடுத்துக்கிட்டுக் குனிஞ்சுட்டேன்.

"டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேளு"ன்னாரு.

அவ டிரேயைக் கீழ வெச்சா. முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டா. அப்புறம், "மன்னிச்சுக்கங்கக்கா"ன்னா.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா?

"பரவால்ல கண்ணு, இனிமேலாச்சும் பாத்து நடந்துக்கோ"ன்னேன்.